நண்டு நடை போடும் வண்டியும் என் மட்டக்குதிரையும்

போடி
12.8.86

அன்பு மகன் பேச்சிமுத்துக்கு அப்பா எழுதிக்கிட்டது. இங்க நானும் ஒன் ஆத்தா செல்லத்தாயும் நம்ம மட்டக்குதிரையும் சொகம், அங்க குவைத்து வெயில்ல நீயும் ஒன் வண்டியும் சொகமான்னு எழுது. வண்டிய ஏன் கேக்குறேன்னா போன கடுதாசியில மூணு பக்கம் அதோட பெருமதான், எனக்கு ஒத்த வரி. மேடு பள்ளத்துல பாரம் தூக்குற வண்டியாம், நாலு சக்கரமும் சேந்து திரும்புமாம், நண்டு மாதிரி பக்கவாட்டுல போகுமாம், சரிவுல நின்னாலும் முன்னால உள்ள கொம்பு ரெண்டையும் மட்டமா வச்சுக்கிடுமாம். ஏன்டா அப்பு, நாப்பது வருசமா குரங்கணிச் சரிவுல ஏலக்கா மூட்டையோட நானும் நண்டு மாதிரிதான எறங்குறேன், அதப் பத்தி எவனுக்காச்சும் ஒரு வரி எழுதியிருப்பியா?

இப்பச் சேதி கேளு. குரங்கணிக்கு மேல தண்ணிக் குழா பதிக்கிற காண்ட்ராக்டரு அதே மாதிரி வண்டி ஒண்ணு கொண்டாந்துட்டாரு. ஓட்டுறது லாரி ஓட்டிக்கிட்டிருந்த நம்ம ஜக்கையன். ஊரே வாயப் பொளந்து பாக்குது. ஒன் ஆத்தா அவனுக்குச் சுக்காப்பி கொண்டுபோயிக் குடுக்குறா, நான் கேட்டா அடுப்பு அணஞ்சுபோச்சுங்கிறா. வயிறு எரியுதுடா. பத்து நாளைக்கு முன்னால அவன் குழாக்கட்டக் கொம்புல ஏத்தி, பொதருல இடிக்காம நாம குதிரைக்கு மூட்டைய ஒசரக் கட்டுறாப்புல, ஆள் ஒசரத்துக்குத் தூக்கிக்கிட்டே சரிவுல திரும்புனான். மேட்டுப்பக்கத்துச் சக்கரம் ரெண்டும் தரைய விட்டுக் கெளம்பிருச்சு. பாரத்தத் தரையோட ஒட்டித் தாழ்த்தி வச்சுத்தான் ஓட்டணும்னு நீ எழுதுனது நெனப்பு வந்து, எறக்குடா வெளங்காதவனேன்னு கத்துனேன். எறக்குனான், வண்டி பொத்துன்னு உக்காந்துச்சு. காண்ட்ராக்டரு ஓடியாந்து ஒனக்கு எப்படிய்யா தெரியும்னாரு. மகன் எழுதுனான்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். அம்புட்டுத்தான், கத்துனது நானு, பேரு ஒனக்கு. இவன விட்டா எனக்கு வேற ஆளில்ல, ஒம் மகன வரச் சொல்லு, மூணு வருசத்துக்குச் சோலி இருக்குன்னாரு.

இத்தன நாளா இத ஒனக்கும் எழுதல, ஒன் ஆத்தாட்டயும் சொல்லல. நீ வந்து அந்த வண்டியில ஒக்காந்துட்டா குழா வேலைக்கு இப்ப நம்ம குதிரை சொமக்குற சிமிண்டு மூட்டையெல்லாம் ஒன் கொம்புல ஏறிரும், நம்ம குதிரைக்குச் சோலி போயிரும், நான் டிரைவரோட அப்பன்னு ஓரமா நிக்கணும். பொறாமதான்டா, பெத்த மகன்ட்ட என்னத்த மறைக்க. ஆனா நேத்து ஜக்கையன் மறுபடியும் ஒசரத் தூக்குறான், கீழ மண்ணு வெட்டுற பொம்பளைக பன்னெண்டு பேரு குனிஞ்சு நிக்கிறாக. எந்நேரமும் நான் நின்னு கத்திக்கிட்டிருக்க முடியுமா? அதான் எழுதிட்டேன். லீவுன்னு பத்து நாளு வராத, ஒரேயடியா வந்துரு, வெரசா வா. குதிரைய மட்டும் விக்கமாட்டேன், இப்பயே சொல்லிட்டேன். ஒன் வண்டி ஏறாத எடம் இந்த மலையில எம்புட்டோ கெடக்கு, அங்க நாங்க போய்க்கிறோம்.

கை காலு சொகத்தோட நல்லா இருப்பா. வர்ற தேதிய ஒன் ஆத்தாளுக்குத் தனியா எழுதிப் போட்டுறாத, எனக்கு எழுது. நாந்தான் அவகிட்ட மொதல்ல சொல்லணும்.

இப்படிக்கு
ஒன்னப் பெத்த அப்பன்
சோலைமலை