ஓரத்தில் நீ எழுதியிருந்தது

அன்பு மகள் நாகஜோதிக்கு அய்யா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் ஆடுகளும் நலம், நீயும் சென்னையில் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நலமாக இருப்பாய் என்று நம்பித்தான் தொடங்குகிறேன். போன் இருக்கும்போது இந்த மனிதருக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நம் வீட்டில் போன் பேசுகிற லட்சணம் உனக்குத் தெரியும், உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், ராக்கு அத்தையும் காலையில் வந்தால் பொழுது சாயும் வரை நம் வீட்டில்தான் இருக்கிறாள். என் அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் பேச முடியாது. அதனால் மிளகாய்க் காட்டுக்கு வந்து, உரச்சாக்கை விரித்து உட்கார்ந்து எழுதுகிறேன். முதல் பறிப்புப் பழத்தைக் களத்தில் காயப் போட்டிருந்தோம், போன வாரம் பருவம் தப்பிப் பெய்த மழையில் பாதி வெளுத்துப் போனது. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், தைலம் தேய்க்கிறாள், பிறகு அதே காலோடு குனிந்து பழம் பறிக்கிறாள், சொன்னால் கேட்பதில்லை.

பொங்கலுக்கு வந்துவிட்டு ரயிலுக்கு ஓடிய அவசரத்தில் நீ விட்டுப்போன கதைப் புத்தகத்தை இத்துடன் அனுப்புகிறேன். அதில் நான் செய்த ஒரு காரியத்தை உன்னிடம் ஒத்துக்கொள்ள வேண்டும். நீ அனுப்பச் சொன்ன அன்றே எடுத்துப் பார்த்தேன், முதல் பக்கத்தில் காலேஜ் லைப்ரரி சீல், உள்ளே பார்த்தால் ஓரமெல்லாம் பென்சில் கிறுக்கல். புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வீடு இது, கிறுக்கினால் படிப்பு ஏறாது என்று மூன்றாம் வகுப்பில் உன்னை நான் அடித்தது நினைவிருக்கும். உடனே கடைக்குப் போய் ஒரு ரப்பர் வாங்கி வந்து, இரண்டு மத்தியானம் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அழித்துவிட்டேன். ஒரு வார்த்தை படிக்கவில்லை, அழுக்கைத் துடைப்பதுபோலத் துடைத்தேன். மகள் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்ற பெருமை வேறு. போன வாரம் செவ்வாய்க்கிழமை நீ போனில், ஓரத்துல எழுதிருக்கது பத்திரம்யா, அம்ரீன் மிஸ் அதப் பாத்துத்தான் மார்க்கு போடுவாக என்றாயே, அப்போது ரப்பர் தூள் இன்னும் என் வேட்டியில் இருந்தது. சும்மா கண்ணால் ஓட்டிக்கொண்டு போனால் படிப்பாகாது, பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு புத்தகத்தோடு சண்டை போட வேண்டும், இந்தக் கதையில் வருகிறவர் மாதிரி உன் வீட்டில் யார் என்று கேட்டு எழுத வேண்டும் என்று மிஸ் சொல்லிக் கொடுத்ததை நீ எனக்கு விளக்கிக்கொண்டே போனாய். நான் சரி ஆத்தா, சரி ஆத்தா என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

நல்லவேளையாக நீ சின்ன வயதிலிருந்தே அழுத்தி எழுதுகிறவள். தாளை வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்தால் எழுத்தின் தடம் தெரிந்தது. ஒரு பென்சில் வாங்கி அந்தத் தடத்தின் மேலேயே எழுத ஆரம்பித்தேன். முதல் நாள் நாலு பக்கம்தான் ஆனது. தடம் தெரியாத இடங்களில் நீ என்ன கேட்டிருப்பாய் என்று கண்டுபிடிக்க அங்கே கதையைப் படிக்க வேண்டியிருந்தது. அப்படியே முழுப் புத்தகத்தையும் படித்துவிட்டேன். பத்தாவதுக்குப் பிறகு நான் படித்ததெல்லாம் உரச்சாக்கும் ரேஷன் கடைப் பலகையும்தான், உனக்கே தெரியும். கதையில் ரயில்வே கேட் வீட்டில் வாழ்கிற பெண்ணைப் பற்றி, ஊரில் எல்லாருக்கும் இவள் கேட்டைத் திறந்து விடுகிறாள், ஒரு ரயிலிலும் ஏறியதில்லை, எங்கள் அம்மா போல என்று எழுதியிருந்தாய். அதை எழுதிவிட்டு வீட்டுக்குப் போய், உனக்கு எங்கேயாவது போக ஆசையா என்று உன் அம்மாவிடம் கேட்டேன். இத்தனை வருசமாக் கேக்காத ஆளு இன்னைக்கு என்ன கேக்கீக, பாம்பன் பாலத்துல ரயில்ல ஒருதடவ போகணும் என்றாள். பாம்பன் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் இதைக்கூட நான் செய்யவில்லை. ஒரு இடத்தில் மட்டும் எனக்கும் உனக்கும் சண்டை. அவளுடைய அப்பா, அந்தக் கேட்கீப்பர், ஈரமில்லாத மனிதன் என்று எழுதியிருந்தாய். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மேலே இருந்து ஒருத்தர் போனில் சொன்னால்தானே அவன் கேட்டைத் திறக்க முடியும் என்று பக்கத்திலேயே நானும் எழுதிவிட்டேன். மிஸ் கேட்டால் அது எங்கள் அய்யா எழுதியது என்று சொல்லிவிடு.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்கு வந்தேன். அந்தப் பெண்ணின் கல்யாணம் பேசி முடிக்கிற இடம். தடம் நன்றாகவே தெரிந்தது, மற்ற இடங்களைவிட அழுத்தி எழுதியிருந்தாய். முனீஸ் அத்தான் நல்லவர்தான், ஆனால் எனக்கு வேண்டாம், அய்யாவிடம் சொல்ல முடியாது, அத்தை முன்னால் அவர் சின்னப் பிள்ளை ஆகிவிடுவார் என்று இருந்தது. அதை நான் என் கையால், ஒவ்வொரு எழுத்தாக எழுத வேண்டியிருந்தது. விட்டுவிடலாம் என்றும் தோன்றியது, ஒரு பக்கத்தில் ஓரம் காலியாக இருந்தால் மிஸ்ஸுக்குத் தெரியவா போகிறது. ஆனால் ஒருமுறை அழித்ததே போதும் என்று எழுதி முடித்தேன். வெட்கமாக இருந்தது ஆத்தா. உன் அம்மாவிடம் காட்டினேன், வாசித்துவிட்டு, எனக்கு முன்னமே தெரியும் என்றாள்.

நீ எழுதியது பொய்யில்லை. என் ஏழு வயதில் எங்கள் அம்மா இறந்தபோது, அஞ்சாம் வகுப்போடு நின்று எனக்குச் சோறு பொங்கிப் போட்டவள் அக்கா. அவள் சொல்லுக்கு நான் மறுசொல் சொன்னதே கிடையாது. உன் சடங்கன்று ஊர் கூடியிருக்க, இவ எம் மருமக என்று சொல்லி வெற்றிலையை நீட்டினாள், வாங்கிக்கொண்டேன். உனக்கு அப்போது பதின்மூன்று வயது, உள்ளே சேலை கட்டிக்கொண்டிருந்தாய். அந்த வெற்றிலை வாடி எத்தனையோ வருசமாயிற்று, நான் இன்னும் அதைக் கீழே போட முடியாமல் நிற்கிறேன். போன மாதம் அவளே போய்க் கல்யாண மண்டபம் சொல்லிவிட்டு வந்து, ஏலே கூத்தா, வைகாசியில வச்சுக்கிருவோம், பரீட்சை முடிஞ்சதும் புள்ளயக் கூட்டியாந்துரு என்றாள். நான் தலையாட்டினேன். அவள் மகன் முனீஸ்வரனும் குறை சொல்லும்படியான பையன் இல்லை, சரக்கு வண்டி ஓட்டுகிறான், குடி கிடையாது, ஏதாவது குறை இருந்தால் அதைச் சொல்லியாவது தப்பித்திருப்பேன். இந்த வாரம் மூன்று முறை பொழுது சாய்ந்த பிறகு அக்கா வீட்டுக்குப் போனேன், சொல்லிவிடுவது என்றுதான் போனேன். மூன்று முறையும் மிளகாய் விலையைப் பேசிவிட்டு, அவள் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

உனக்கு இஷ்டமில்லாத இடத்தில் உன்னைக் கொடுக்க எனக்கு மனமில்லை. இங்கே யாரும் இல்லாத காட்டில் உட்கார்ந்து இதை எழுத முடிகிறது. வீட்டுக்குப் போனால் இந்தத் தைரியம் எவ்வளவு நேரம் நிற்கும் என்று தெரியவில்லை. நாளைக்குள் ராமநாதபுரம் போய்ப் புத்தகத்தையும் இதையும் ஸ்பீடு போஸ்டில் சேர்த்துவிடுவேன், மிஸ் சொன்ன தேதிக்கு முன்னால் வந்துவிடும். என் எழுத்து கோணலாக இருக்கும், நடந்ததை மறைக்காமல் மிஸ்ஸிடம் சொல், அவர் புரிந்துகொள்வார் என்று நினைக்கிறேன். தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு, ஈரத்தலையோடு படுக்காதே. அம்மா ஊறுகாய் அனுப்பச் சொன்னாள், புத்தகத்தில் எண்ணெய் பட்டுவிடும் என்று நான்தான் வேண்டாம் என்றேன். நம் குலசாமி உன் கூடவே இருந்து படிப்பையும் உடம்பையும் காக்கட்டும், நீ நினைத்தபடி நிற்கிற பலத்தைக் கொடுக்கட்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதே. பரீட்சை முடிந்ததும் ஊருக்கு வராதே. அங்கேயே ஒரு வேலையைப் பார்த்துக்கொண்டு தங்கு. அத்தைக்கு உடம்பு முடியவில்லை, உடனே புறப்பட்டு வா என்று நானே போனில் அழுது கூப்பிட்டாலும் வராதே. அப்போது அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

ஆசியுடன்,
உன் அய்யா
கூத்தையா