ஒரு சொட்டில் தெரியாதது

இன்று காலை சர்க்கரை பார்க்க என் விரலில் ஸ்பிரிட் பஞ்சைத் தேய்த்தார்கள். அந்த வாசனையோடு நீ வந்துவிட்டாய், தோழி. நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்து நர்சுப் பெண் விழித்தாள்.

உன் ஆராய்ச்சிக்காக நாம் இருவரும் கல்வராயன் மலைக்கு ஜீப்பில் ஏறினோமே. ஏ, பி, ஓ என்ற இரத்த வகைகளில் எது மலையில் அதிகம், எது சமவெளியில் அதிகம் என்று நீ ஒப்பிட வேண்டும். சமவெளியில் தியாகதுருகம் பக்கம் இரத்தம் எடுத்து முடித்திருந்தாய். மலைக்காரர்கள் மறுத்தால் அத்தனை உழைப்பும் வீண்.

வெள்ளிமலையைத் தாண்டி ஓர் ஊரில் சனம் கூடியது. ஆளுக்கு விரலில் ஒரு சொட்டு இரத்தம் வேண்டும் என்றாய். ஊர்ப் பெரியவர் கேட்டார்: "ஏம்மா, இதுல பாத்தா நாங்க மலைக்காரங்கதான்னு தெரியுமா? தெரியும்னா எழுதிக் குடு. சாதிச் சான்று கேட்டு எங்க புள்ளைங்க அலைஞ்சிக்கினு இருக்குதுங்க."

ஜீப் ஓட்டி வந்தவர் உன் காதோரம், "ஆமான்னு சொல்லும்மா, வேலைய முடிச்சிக்கினு போய்க்கினே இருக்கலாம்" என்றார். நீயா கேட்பவள்.

"தெரியாதுங்க" என்றாய். "எல்லா வகையும் எல்லா ஊர்லயும் இருக்குங்க. நெறைய பேரோடத சேத்துக் கணக்குப் போட்டா, இங்க ஒண்ணு ஜாஸ்தி, அங்க ஒண்ணு கம்மின்னு தெரியும். ஒருத்தர் ரத்தத்த வெச்சி அவரு மலையா கீழயான்னு சொல்ல முடியாது. சான்றுக்கு இது ஒதவாதுங்க."

சிலர் எழுந்து போனார்கள். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டபோது, எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். அவரோ உன் முன்னால் வந்து உட்கார்ந்தார். "ஆவும்னு சொல்லி ஏமாத்துனவங்கதான் இதுவரிக்கும் வந்தாங்க. நீ ஆவாதுன்னு சொல்ற. எடுத்துக்க" என்று கையை நீட்டினார். போனவர்களும் திரும்பி வந்து வரிசையில் நின்றார்கள். வெள்ளைப் பீங்கான் ஓட்டில் மருந்து பட்டு இரத்தம் சின்னச் சின்னக் கட்டியாகத் திரிவதை எட்டி எட்டிப் பார்த்தார்கள். பெரியவருக்கும் உன்னைப் போலவே பி வகை. "அப்ப நீயும் மலைக்காரிதான்" என்று அவர் சொன்னதும் ஊரே சிரித்தது.

அன்று உன்னைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. உன் முகத்துக்கு நேராக அதைச் சொன்னதில்லை. பெருமைப்பட்டேன், இன்றும் படுகிறேன்.

போன தை மாதம் என் மகளுக்கு நிச்சயம். அவளே தேர்ந்தெடுத்த பையன். சபையில் என் அண்ணன், "பையன் நம்ம ரத்தம் இல்லையே" என்றார். அதுவரை அவர் எதிரில் நான் வாய் திறந்ததே கிடையாது.

"ரத்தம் நான் நெறைய பாத்திருக்கேண்ணா. இன்னார் நம்மவங்க, இன்னார் வேத்தாளுன்னு எதுலயும் தெரியல" என்றேன். தாம்பூலத் தட்டை நானே எடுத்துக் கொடுத்தேன்.