கடைசி மடிப்பு வரை

கஞ்சி வாசனை.

இன்று காலை ஷட்டரைத் தூக்கியதும் முதலில் வந்தது அதுதான். பூட்டிக் கிடந்த கடையில் கஞ்சி போட்ட பருத்திப் புடவைகளின் வாசனை ஒரு ஆளைப்போல வாசலில் வந்து நிற்கும் என்பாய். "வணக்கம் சொல்லிட்டு உள்ள போடி, கோச்சுக்கும்." நான் ஒருநாளும் சொன்னதில்லை. இன்று சொன்னேன். யாரும் பார்க்கவில்லை.

புடவைப் பிரிவு மேசைமேல் நேற்று மடித்த புடவை ஒன்று கிடக்கிறது. பச்சை உடல், அரக்கு பார்டர். மடிப்பு கொஞ்சம் கோணல். அடுக்கில் எடுத்து வைக்க மனம் வரவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே இதை எழுதுகிறேன். பெண்கள் வர இன்னும் சற்று நேரம் இருக்கிறது.

நாம் ஒரே வாரத்தில் இந்தக் கடையில் சேர்ந்தோம். நான் எம்.பி.ஏ. முடித்து மேனேஜராக. நீ பி.காம். முடித்து புடவைப் பிரிவு சூப்பர்வைசராக. ஒரே வயது. முதல் நாள் என்னை 'மேடம்' என்றாய். அடுத்த நாள் டீக்கடையில் 'மேனேஜரே' என்றாய், கொஞ்சம் கிண்டலாக. ஒரு மாதத்துக்குள் 'வாடி, போடி' வந்துவிட்டது.

எம்.பி.ஏ. வகுப்பில் எங்களுக்கு ஒரு முறை சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒருவரின் குறையைச் சொல்வதற்கு முன்னால் ஒரு பாராட்டு, பின்னால் ஒரு பாராட்டு. அதற்கு சாண்ட்விச் என்று பெயர். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இதை உனக்கு விளக்கினேன். கையிலிருந்த பன்னைப் பிய்த்துக்கொண்டே கேட்டாய்.

"பன்னுக்கு நடுவுல பச்ச மொளகாய வெச்சிக் குடுத்தா காரம் தெரியாதாடி?"

"தெரியும். கொஞ்சம் கம்மியா."

"தின்னவன் அடுத்த வாட்டி பன்னப் பாத்தாலே பயப்படுவான்."

நீ வைத்திருந்த முறைக்குப் பெயர் கிடையாது. வாடிக்கையாளர்கள் பிரித்துப் போட்ட புடவைகள் மதியத்துக்குள் மலையாகக் குவிந்துவிடும். அவற்றை மடிக்க இரண்டு பேர் வேண்டும். யாரிடமாவது பேச வேண்டியிருந்தால் நீ கூப்பிடுவாய். "வா, இதுக்கு ஒரு கை குடு." அவள் ஒரு முனையில், நீ மறுமுனையில். நடுவில் ஒரு முழுப் புடவை.

முதலில் புடவையைப் பற்றி மட்டும் பேச்சு. பார்டரை உள்ளே வை. இழுத்துப் பிடி. முனைகளைச் சேர்க்க அவள் உன்னிடம் நடந்து வரவேண்டும். பிறகு விலகினாலும் பழைய தூரத்துக்குப் போக முடியாது, புடவை பாதியாகிவிட்டிருக்கும். அடுத்த மடிப்பில் இன்னும் பாதி. கைகளுக்கு வேலை இருக்கிறது. கண்கள் பார்டரைப் பார்த்தால் போதும். கடைசி மடிப்பில் நெற்றிகள் கிட்டத்தட்ட முட்டும். அவ்வளவு கிட்டத்தில் யாராலும் கத்த முடியாது.

ஒருமுறை, அடுக்குகளுக்குப் பின்னால் ஒளிந்து நின்று போன் பேசும் ஒருத்தியை நீ மடிக்கக் கூப்பிட்டாய். நான் பில் கவுண்டரிலிருந்து பார்த்தேன். மூன்றாவது மடிப்பில் அவள் கண்ணைத் துடைத்தாள். கடைசியில் இருவரும் சிரித்தீர்கள். அன்றிலிருந்து போன் அவள் பையை விட்டு வரவில்லை.

"இன்னாடி சொன்ன அவகிட்ட?"

"நான் எங்க சொன்னேன். அவதான் சொன்னா."

"இன்னான்னு?"

"மடிக்கும்போது சொன்னத வெளிய சொல்லக் கூடாது. போய் உன் வேலையப் பாரு மேனேஜரே."

ஆனால் முதலாளியிடம் உனக்குப் பேச வராது. இரண்டாவது வாக்கியத்திலேயே குரல் ஏறிவிடும். அவர் மேசையைத் தட்டுவார். நீ திரும்பி நடந்து வருவாய், பல்லைக் கடித்துக்கொண்டு. பிறகு நான் போய் அதே விஷயத்தை வேறு வார்த்தைகளில் கேட்டு வாங்கி வருவேன். அப்படியே ஒப்பந்தம் ஆயிற்று. மேலே பேசுவது நான். கீழே பேசுவது நீ. ரெண்டு பேரைச் சேர்த்து ஒரு மேனேஜர் என்பாய். சம்பளம் மட்டும் சேராது என்பாய்.

பிறகு சங்கராபுரம் சாலையில் ஒரு லாரி. அதைப் பற்றி எழுதப்போவதில்லை.

நீ இல்லாத கடையில் நான் வாட்ஸ்அப் குழுவில் பேசினேன். நல்ல தமிழில், மரியாதையாக. எல்லோரும் கட்டைவிரல் போட்டார்கள். ஒவ்வொருத்தியாக வேலையை விட்டு நின்றார்கள். காரணம் கேட்டால், "வூட்ல வேணாம்னுட்டாங்க மேடம்." எல்லோருக்கும் அதே காரணம். என்னால் ஆகாது, ஆடித் தள்ளுபடி முடிந்ததும் நானும் நின்றுவிடலாம் என்றுதான் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

நேற்று அலமேலு. உனக்குப் பிடித்தவள். கல்வராயன் மலையிலிருந்து வெள்ளிமலை பஸ்ஸில் வரும் ஐந்து பேரில் மூத்தவள். புடவை எடுக்க வந்த ஒரு அம்மா ஒரு மேசை நிறைய பிரிக்கச் சொல்லிவிட்டு, இன்னும் ஒரு கட்டை அவிழ்க்கச் சொன்னார். அலமேலு சொல்லிவிட்டாள்: "எடுக்கிறதுன்னா எடுங்க, இல்லாட்டி வுடுங்க."

அந்த அம்மா நேராக முதலாளியிடம் போனார். கடை முழுக்கக் கேட்கும்படி முதலாளி என்னிடம் சொன்னார். "நாளையிலேர்ந்து இந்தப் பொண்ணு வேணாம். சாயங்காலத்துக்குள்ள சொல்லி அனுப்பிடு."

மலைப் பெண்கள் மற்ற நால்வரும் கையிலிருந்ததை அப்படியே வைத்தார்கள். அவள் போனால் அவர்களும் போவார்கள். நானும் போவேன். அது எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

அவளை என் அறைக்குக் கூப்பிடத்தான் போனேன். மேசையில் அந்தப் பச்சைப் புடவை விரிந்து கிடந்தது. கை தானாக முனையை எடுத்தது.

"வா, இதுக்கு ஒரு கை குடு."

அலமேலு என்னை ஒருமாதிரி பார்த்தாள். அது உன் வார்த்தை. இந்தக் கடையில் அதை நீ போன பிறகு யாரும் சொன்னதில்லை. மறுமுனையை எடுத்தாள்.

முதல் மடிப்பில் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குக் கேட்கத் தெரியவில்லை. "இழுத்துப் பிடி" என்றேன். அடுத்ததில், "சாப்ட்டியா?"

"இல்ல."

"ஏன்?"

முனைகளைக் கொண்டுவந்து என் கையில் சேர்த்தாள். கீழே குனிந்து மடிப்பை எடுத்தாள். நிமிரும்போது சொன்னாள். "நாலு நாளா வூட்டுக்குப் போவல மேடம்."

தள்ளுபடிக்காகக் கடை மூடும் நேரத்தைத் தள்ளிவைத்தோம். குழுவில் செய்தி போட்டேன். அவளும் கட்டைவிரல் போட்டிருந்தாள். கடை மூடுவதற்குள் மலைக்குப் போகும் கடைசி பஸ் போய்விடுகிறது. ஐந்து பேரும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தெரிந்தவர் வீட்டு மாடியில் படுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"கொழந்த என் போன எடுக்க மாட்டேங்குது. அம்மா வேணாம்னு சொல்லுதாம்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நீங்க எங்க மேடம் நின்னு கேக்கிறீங்க." கோபமில்லாமல் சொன்னாள். கடைசி மடிப்பு. அவள் கண் என் கண்ணுக்கு வெகு கிட்டத்தில் இருந்தது. "அந்தம்மாகிட்ட அப்படிப் பேசியிருக்கக் கூடாது. போன் போட்டுக் குடுங்க, நானே பேசுறேன்."

"கொழந்த விஷயத்த முதலாளிகிட்ட சொல்லட்டா?"

யோசித்தாள். "பஸ் விஷயத்த மட்டும் சொல்லுங்க."

மலைக்குக் கீழே, கீழ்நாட்டு ஊர்களிலிருந்து வரும் பெண்களிடம் போனேன். சங்கராபுரத்துக்காரிகள், தியாகதுருகத்துக்காரிகள். காலையில் வந்து கூட்டித் துடைத்து அடுக்கும் வேலை இல்லை என்றால் கடை மூடும்வரை நிற்கத் தயார் என்றார்கள். "அந்த வேலை மட்டும் வேணாம் மேடம், ராத்திரிகூட நிக்கிறோம்" என்று ஒருத்தி சொல்ல மற்றவர்கள் சிரித்தார்கள். இதையும் நான் முன்பு கேட்டதில்லை.

பிறகு நீ செய்யாத ஒன்றைச் செய்தேன். மடித்த அதே புடவையை உதறிப் பிரித்து முதலாளியிடம் எடுத்துப்போனேன்.

"இதுக்கு ஒரு கை குடுங்க முதலாளி."

"ஏன், ஆளில்லையா?"

"இருந்தாங்க. நீங்கதான் அனுப்பச் சொல்லிட்டீங்க."

முறைத்தார். எழுந்தார். சைக்கிளில் புடவை மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர் என்று அவரே அடிக்கடி சொல்வார். முனை கைக்கு வந்ததும் விரல்கள் தாமாகவே பார்டரைப் பிடித்தன.

"நல்லா இழும்மா. இன்னா மடிக்கிற நீ."

இழுத்தேன். "மலைக்குப் போற கடைசி பஸ் போனப்புறம்தான் கடை மூடுறோம் முதலாளி. அஞ்சு பேரும் நாலு நாளா வூட்டுக்குப் போவல."

கை நின்றது. "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எனக்கே இப்பதான் தெரியும்."

அடுத்த மடிப்பு. மலைப் பெண்கள் முதல் பஸ்ஸில் வந்து கூட்டித் துடைத்து அடுக்கட்டும், கடைசி பஸ்ஸில் போகட்டும். மற்றவர்கள் மூடட்டும். சொன்னேன்.

"மத்தவங்க ஒத்துக்கணுமே."

"கேட்டுட்டேன்."

"கஸ்டமர்கிட்ட அப்படிப் பேசலாமா அந்தப் பொண்ணு?" குரல் முன்பைவிடப் பாதியாக இருந்தது. புடவையும் பாதிதான் இருந்தது.

"கூடாதுங்க. அவளும் அதைத்தான் சொன்னா. போன்ல அவளே பேசுறாளாம்."

கடைசி மடிப்புக்கு அவர் கிட்ட வரவில்லை. கை நீளத்தில் நின்று முனையை நீட்டினார். வாங்கி நானே மடித்தேன்.

"சரி. பாத்துக்க." போய் உட்கார்ந்தார். பில்லை எடுத்தார். என்னைப் பார்க்காமல் சொன்னார். "அந்த சூப்பர்வைசர் பொண்ணு இருந்திருந்தா இந்நேரம் கத்தித் தீத்திருக்கும்."

"ஆமாங்க."

"நல்ல பொண்ணு."

நேற்றுச் சாயங்காலம், அலமேலு அந்தம்மாவிடம் போனில் பேசி முடித்ததும், ஐந்து பேரும் வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பினார்கள். பின்னர் அலமேலுவிடமிருந்து ஒரு போன். பஸ் சத்தத்தை எதிர்பார்த்தேன். குழந்தையின் சத்தம் கேட்டது. "வந்துட்டேன் மேடம்" என்று மட்டும் சொன்னாள். வைத்துவிட்டாள். எவ்வளவு நாளாகத் தோளை இறுக்கித் தூக்கியே வைத்திருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

இதுவரை எழுதியபோது வாசலில் செருப்புச் சத்தம். முதல் பஸ். அலமேலு உள்ளே வந்தாள். துடைப்பத்தை எடுக்கப் போனவள் மேசையைப் பார்த்து நின்றாள்.

"இத யாரு மடிச்சது? கோணிக்கினு கெடக்குது."

"முதலாளி."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு புடவையை உதறி ஒரு முனையை என்னிடம் நீட்டினாள். பேனாவை வைத்துவிட்டுப் போனேன். பார்டரை உள்ளே வைத்தேன், நீ வைப்பதுபோல. இழுத்துப் பிடித்தோம். கிட்ட வந்தோம், விலகினோம், மறுபடி கிட்ட வந்தோம். கடைசி மடிப்பில் அவள் என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. புடவையை அடுக்கில் வைத்தாள்.