முளைக்காத விதைக்கு ஒரு ஜெபம்

3 ஆகஸ்ட் 2024, சனி. தாம்பரம்

விதைக்குள் மறு விதையை ஒளித்துவைத்த ஆண்டவரே, இந்தப் பக்கத்தை உமது கண்முன் எழுதுகிறேன்.

மகள் எப்சியின் மேலாளர் யக்ஞநாராயணன் அழைத்தார். மறைமலை நகருக்கு அருகே அவர்களுடைய விதை நிறுவனம் புதிய பசுமைக்குடில் திறக்கிறதாம். "பூஜை ஒரு பக்கம் நடக்கட்டும் சார். நீங்க சர்ச் மூப்பர், ஒரு பிரேயரும் பண்ணிடுங்க. உங்க பொண்ணுதான் அதுக்கு இன்சார்ஜ் ஆகப்போறா." ஜெபத்துக்கு அழைத்தால் மறுத்துப் பழக்கமில்லை. உள்ளே என்ன விளைகிறது என்று கேளாமலே ஒப்புக்கொண்டேன்.

4, ஞாயிறு

ஆராதனை முடிந்து உண்ணும்போது மகளிடம் கேட்டேன். மக்காச்சோளமாம். விளைந்த மணி மறுபடி முளைக்காதபடி மரபணுவை மாற்றுகிறார்களாம்.

"மலடாக்குறீங்களா?"

"அந்த வார்த்தை வேணாமே அப்பா. மாத்தின ஜீன் பக்கத்து வயல்ல போய் முளைச்சிடக்கூடாது. அதுக்கு ஒரு பூட்டு."

"சாவி யார்கிட்டம்மா?"

ரசத்தை ஊற்றிக்கொண்டாள். "கம்பெனிகிட்ட. வருஷா வருஷம் வாங்கணும். இங்க விக்க அனுமதி கிடையாது, வெளிநாட்டுக்குத்தான்."

வெளிநாட்டில் உழுகிறவனுக்குப் பிள்ளைகள் இல்லையா?

7, புதன்

அச்சம் விடவில்லை. மகரந்தம் காற்றேறி அயலான் சோளத்தில் விழுந்தால்? கேட்டேன்.

"அந்த மணியும் முளைக்காமப் போகலாம்பா. எவ்வளவு தூரம் போகும்னு இன்னும் டெஸ்ட் பண்ணல." தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

விதைக்கு வைத்த தினையையும் விருந்துக்குக் குற்றிய இல்லங்களைப் பழம்புலவர்கள் போற்றினார்கள். கொடுப்பதற்கு அங்கே விதை இருந்தது.

'பெருகட்டும்' என்று எப்படி ஜெபிப்பேன்? மறுத்தால் எப்சியின் பதவி? — பயமா இருக்கு ஆண்டவரே. எம் பொண்ணு கையாலயா இது?

8, வியாழன்

சொற்களைத் தேடுகிறேன். ஒன்றும் வரவில்லை.

9, வெள்ளி

பசுமைக்குடில் வாசலில் கற்பூரம் அணைந்ததும் என்னை அழைத்தார்கள். கண்களை மூடினேன். "கர்த்தாவே, இங்குள்ள எதுவும் இந்தக் கதவைத் தாண்டாமல் காத்தருளும்." அது ஒன்றே வாயில் வந்தது.

"ஆமென்!" என்றார் யக்ஞநாராயணன், உரக்க. "சூப்பர் சார்! பயோசேஃப்டிய பிரேயர்லயே கொண்டாந்துட்டீங்க!" எல்லோரும் கைதட்டினார்கள். என் மறுப்பை வாழ்த்தாக எடுத்துக்கொண்டார்கள். திருத்தினேனா? இல்லை.

எப்சி மட்டும் ஆமென் சொல்லவில்லை. திரும்பும்போது கேட்டாள்: "நீங்க வேண்டினது பலிச்சா எங்க கம்பெனியே மூடிடும், தெரியுமா?"

"தெரியும்."

"கொழுப்புதான் உங்களுக்கு!" சிரித்தாள்.

2 செப்டம்பர், திங்கள்

மகரந்தம் செல்லும் தூரத்தைச் சோதிக்காமல் வெளிவயலில் பயிரிட அனுமதி கேட்கும் விண்ணப்பத்தில் கையெழுத்திட மாட்டேன் என்று எப்சி கூட்டத்தில் சொல்லிவிட்டாளாம். பொறுப்பு அவளுடைய சக அலுவலர் ஷீலாவுக்குப் போயிற்று. ஷீலா கையெழுத்திட்டுவிட்டாள்.

எப்சி இன்னும் இரண்டு தோசை கேட்டு வாங்கி உண்டாள். எனக்குத்தான் இறங்கவில்லை. மறைமலை நகர் இருக்கும் தெற்கிலிருந்து காற்று வீசுகிறது.

என்றேனும் இதைப் படிக்கிறவரே, உம் இல்லத்தில் உணவு குறையாதிருப்பதாக. நீர் விதைப்பது முளைப்பதாக. உம் மக்களும் அவர்தம் மக்களும் அச்சமின்றி அறுப்பார்களாக.