பேனரில் வெட்டி எடுத்த ஊர்ப்பெயர்

கேட்டால் பதில் சொல்லாத என் நைனாவுக்கு,

நீ போன பிறகு இது மூன்றாவது ஆடிக் கிருத்திகை. இந்த வருஷம் திருத்தணி மலையடியில் நம் வீட்டு ஆட்கள் செய்த கூத்தை உன்னிடம் சொல்லாவிட்டால் என் நெஞ்சு ஆறாது. இதை ஊரே படிக்கப் போகிறது. அதனால் ஒரே ஒரு ஊரின் பெயரை மட்டும் எழுத மாட்டேன், படிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் தாமு சேதி. உன் பிள்ளை இப்போது பட்டாளத்தில் நாயக், கையில் இரண்டு பட்டை. மூன்றாவது பட்டை சீக்கிரம் வந்துவிடும், அப்புறம் உன்னைப்போல அவனும் ஹவில்தார். ஆனால் வடக்கே எல்லையில் நிலைமை சரியில்லை நைனா. டிவியைப் போட்டால் ஒரே கத்தல், மேசையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு ஆளாளுக்கு யுத்தம் நடத்துகிறார்கள். அம்மா அதன் முன்னால் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. சோறு தட்டிலேயே காய்ந்துபோகும்.

கிருத்திகைக்கு ஒரு வாரம் முன்னால் தாமு போன் பண்ணியபோது, "எங்கடா கீற? அதையாவது சொல்லுடா"ன்னு அழுதிருக்கிறாள். நான் அப்போது என் தையல் கடையில் ஜாக்கெட் வெட்டிக்கொண்டிருந்தேன். அவள் அழுத அழுகையில் அவன் வாய்விட்டுவிட்டான். எந்த ஊர், எந்த மலைக்கு எதிரே, அங்கே என்ன வேலை, எல்லாம். இத்தனை வருஷத்தில் உன் வாயிலிருந்து ஒரு சொல் பிடுங்க முடியாதவள், அவனிடம் ஒரே அழுகையில் பிடுங்கிவிட்டாள்.

பிடுங்கியதை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாளா உன் பெண்டாட்டி? நேராகப் பஸ் ஸ்டாண்டு பக்கம் பேனர் அடிக்கிற பாபுவின் பிளெக்ஸ் கடைக்குப் போயிருக்கிறாள்.

காவடிகள் மலைக்குத் திரும்பும் முனையில், சவுக்குக் கட்டை நட்டு, ஆளுயரத்துக்கு மேலே பேனர். 'ஆடிக் கிருத்திகைக்கு வருகை தரும் பக்தர்களை வருக வருக என வரவேற்கிறோம்.' ஒரு பக்கம் முருகன், ஒரு பக்கம் யூனிபாரத்தில் தாமு. மேலே வட்டத்துக்குள் நீ, உன் பழைய மீசையோடு. கிருத்திகைக்கு முந்தின நாள், பரணியன்று காலையில் கடை திறக்கப் போகும்போதுதான் நான் பார்த்தேன். கீழே இருந்த எழுத்தை நான் படிக்கவே இல்லை நைனா. உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நடுரோட்டில் நின்றேன், பின்னால் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்துத் திட்டுகிற வரைக்கும்.

மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. தாமுதான். குரல் அடங்கிப்போயிருந்தது.

"அக்கா, மலையடில இன்னா பேனர் வச்சிகிறீங்க?"

"அம்மா வேலைடா. நல்லாத்தான் கீது, ஏன்?"

"நல்லா கீதா? கீழ படிச்சியா? என் பட்டாலியன் நம்பர், ஊரு பேரு, இன்னா வேலை பாக்கறேன்னு எல்லாம் போட்டுகீது. சோளிங்கர்ல இருந்து ஒருத்தன் எங்ககூட இருக்கான். அவன் மச்சான் பேனர் முன்னாடி செல்பி எடுத்து அனுப்பிகீறான்."

தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன்.

"அக்கா, கேளு. கொஞ்ச நேரத்துல போனெல்லாம் வாங்கி வச்சிடுவாங்க. அப்புறம் நான் பேச முடியாது. எங்க சுபேதார் சாப் இன்னும் பாக்கல. என் பட்டை போனா போவட்டும், நான் சொன்னதுதான தப்பு. ஆனா இங்க என்கூட நூறு பேரு இருக்கான்க்கா. அத்தினி பேரு வீட்லயும் அம்மா கீது. இறக்கிடு. இப்பவே போய் இறக்கு."

லைன் போய்விட்டது. திருப்பி அடித்தேன், ஸ்விட்ச் ஆஃப்.

நைனா, அந்த நேரத்தில் உன் பட்டன்கள்தான் என் ஞாபகத்துக்கு வந்தன. ரிட்டயர் ஆகி வந்து என் தையல் கடையில் உட்கார்ந்திருப்பாயே, பட்டன் டப்பாவைக் கவிழ்த்து வெட்டு மேசைமேல் ராணுவம் கட்டுவாயே! பத்துச் சட்டைப் பட்டன் ஒரு செக்‌ஷன். மூன்று செக்‌ஷன் ஒரு பிளட்டூன். பிளட்டூன்கள் சேர்ந்தால் கம்பெனி, கம்பெனிகள் சேர்ந்தால் பட்டாலியன், அதன் தலையில் ஒரு பெரிய கோட்டுப் பட்டன். அதற்கும் மேலே பிரிகேடு, டிவிஷன் என்று அடுக்கிக்கொண்டே போய் என் துணியை எல்லாம் ஓரம் தள்ளிவிடுவாய். "பாரு கஜா, இந்தப் பட்டனுக்குத் தன் வேலை தெரியும், பக்கத்துல கீறவனைத் தெரியும், தனக்கு மேல ஒருத்தரைத் தெரியும். அதுக்கு மேல அதுக்கு எதுக்கு? புடிபட்டா கூட சொல்றதுக்கு ஒண்ணும் இருக்காது பாரு" என்பாய். ஜாக்கெட் தைக்க வந்த பொம்பளைகள் சிரிப்பார்கள். நானும்தான் சிரித்தேன்.

பழைய காலத்துச் சண்டை என்றால் உனக்கு வாய் மூடாது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் நம் பக்கத்து ஆட்களுக்குத் துப்பாக்கி கொடுத்துப் பட்டாளம் கட்டியது, வெள்ளைக்காரனுக்காகக் கடல் தாண்டிப்போய்ச் செத்தது, சுதந்திரம் வந்தபோது ஒரே பாரக்கில் படுத்தவர்கள் இரண்டு நாட்டுக்கு ரயில் மாறி ஏறியது, பாண்டு வாத்தியம் வரைக்கும் பங்கு பிரித்தது, எல்லாம் கண்ணால் பார்த்த மாதிரி சொல்வாய். "நாங்க சண்டைக்கு மட்டும்னு நினைச்சிகினு இருக்காதீங்க, வெள்ளம் வந்தாலும் நாங்கதான். ஆனா கலெக்டர் கேக்கணும், நாங்களா வரமாட்டோம். துப்பாக்கி வச்சிகினு கீறவன் கூப்புடாத வீட்டுக்குள்ள நுழையக்கூடாது" என்று பெருமையாகச் சொல்வாய். போன மாசம் எங்கே இருந்தாய் என்று கேட்டால் மட்டும் "டூட்டில" என்பாய். அவ்வளவுதான், வாய்ப்பூட்டு.

அம்மாவிடம் ஓடினேன். விஷயத்தைச் சொன்னேன். அவள் நகரவில்லை.

"இறக்க முடியாது. போடி."

"அம்மா, தம்பி உயிரும்மா. கூட நூறு பேரு."

"நம்ம திருத்தணில ஒரு பேனரைப் பாத்துட்டா எதிரி குண்டு போடப் போறான்? பக்கத்துல ஒரு கட்சிக்காரன் பேனர், ஒரு காதுகுத்து பேனர். யாருடி இதையெல்லாம் படிக்கிறான்?"

"படிச்சான்ல? செல்பி எடுத்து அங்கயே அனுப்பிச்சான்ல? அங்க வரைக்கும் போனது வேற எங்கெல்லாம் போயிருக்கும்?"

அவள் உன்மேல் இத்தனை காலமாக வைத்திருந்ததை எல்லாம் என்மேல் கொட்டினாள்.

"உங்க நைனாவைக் கட்டிகினு வந்த நாள்ல இருந்து நான் ஒரே வார்த்தைதாண்டி சொல்லிகினு இருந்தேன், தெரியாது, தெரியாதுன்னு. பள்ளிப்பட்டுல எங்க அண்ணி, 'உன் வூட்டுக்காரரு நெஜமாவே பட்டாளத்துலதான் கீறாரா, இல்ல வடக்க வேற குடும்பம் கீதா'ன்னு பத்துப் பேர் முன்னாடி கேட்டா. நான் இன்னா சொன்னேன்? தெரியாதுன்னேன். சிரிச்சாளுங்க. என் புள்ளையாவது எங்க கீறான்னு எனக்குத் தெரியுதே, நாலு பேரு பாக்கட்டும்னு வச்சேன். அது தப்பா?"

நான் ஆறாவது படித்த அந்த வருஷம் உனக்கு நினைவிருக்கிறதா நைனா? மழைக்காலம் போய், பொங்கல் போய், கடிதமே இல்லை. அம்மா தினமும் தபால்காரர் வரும் வழியில் நிற்பாள். நீ வந்தபோது காது நுனி கறுத்திருந்தது, மூக்குத் தோல் உரிந்திருந்தது. "எங்க போயிருந்தே நைனா?" என்று கேட்டேன். "குளிரு ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டாய். அன்றைக்கு உன்மேல் வந்த கோபம் எனக்கும் முழுசாக ஆறவில்லை. அதனால் அம்மாவை என்னால் திட்டவும் முடியவில்லை.

பாபுவுக்குப் போன் அடித்தேன். "அக்கா, கட்டுன ஆளு வேலூர் போயிட்டான். கிருத்திகை முடியட்டும், நானே இறக்கித் தரேன்" என்றான். கிருத்திகை முடிவதற்குள் எத்தனை ஆயிரம் பேர் அதன் முன்னால் நடப்பார்கள்! கடைக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பின்னாலேயே செருப்புச் சத்தம் கேட்டது. அம்மா வந்துகொண்டிருந்தாள். தடுக்க வருகிறாளா, துணைக்கு வருகிறாளா என்று திரும்பிக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆட்டோவை எல்லாம் போலீஸ் திருப்பிவிட்டிருந்தார்கள். ஒரே மஞ்சள் துணி, மொட்டைத் தலை, பம்பைச் சத்தம், அரோகரா. காவடிக்கு வழி விட்டு, குழந்தை தூக்கியவர்களுக்கு வழி விட்டு, ஒவ்வொரு அடியாக நகர்ந்தேன். எத்தனை கையில் போன் இருக்கிறதோ அத்தனையும் எனக்கு அந்தப் பேனரைத்தான் படம் எடுப்பதுபோல இருந்தது. ஆந்திரா பக்கமிருந்து வந்த ஒரு குடும்பம் தாமுவின் படத்துக்குக் கீழே நின்று சிரித்துக்கொண்டிருந்தது. அவர்களை நகரச் சொல்லிக் கத்தினேன், பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

சீரியல் லைட் கட்டுகிறவரிடம் ஏணியைக் கெஞ்சி வாங்கினேன். முழுசாக இறக்க முடியாது, பாபுவின் ஆள் கயிற்றை அந்தக் கட்டு கட்டியிருந்தான். எழுத்தை மட்டும் வெட்டிவிடலாம் என்று புடவையைச் செருகிக்கொண்டு ஏறினேன். இந்த வயதில், இந்த உடம்போடு! பட்டாலியன் நம்பரை வெட்டிக் கீழே போட்டேன். தாமுவின் வேலையைச் சொன்ன வரியையும் வெட்டினேன். ஊர்ப்பெயரில் பாதி வந்திருக்கும்போது கீழே ஒரு குரல் கேட்டது.

"அம்மா வணக்கம், நாங்க யூடியூப் சேனல்லேருந்து வர்றோம். ராணுவ வீரரோட அம்மா நீங்கதான்னு சொன்னாங்க. உங்க பையன் இப்ப எந்த இடத்துல இருக்காருங்க?"

அம்மாவின் வாய்க்கு நேரே மைக். இன்னொருவன் கேமராவை மெல்ல மேலே, பேனர் பக்கம் திருப்புகிறான். நான் ஏணியிலேயே திரும்பி, மிச்ச எழுத்தின்மேல் முதுகைச் சாய்த்து ஒட்டிக்கொண்டேன். அங்கிருந்து என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். அம்மாவின் வாயை எப்படி மூடுவது? அவளை ஒருவர் மதித்து, மைக் நீட்டி, ஊர் முன்னால் கேட்கிறார் நைனா. உன்னைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவள் காத்திருந்த கேள்வி அது.

அம்மா அண்ணாந்து என்னைப் பார்த்தாள். அப்புறம் வட்டத்துக்குள் இருந்த உன்னைப் பார்த்தாள்.

"தெரியாதுப்பா" என்றாள்.

"என்னம்மா, பெத்த பையன் எங்க இருக்காருன்னுகூடவா தெரியாது?"

அவன் சிரித்துக்கொண்டேதான் கேட்டான். பள்ளிப்பட்டு அத்தை சிரித்த அதே சிரிப்பு.

"ஆங், தெரியாது. அவங்க நைனா எங்க இருந்தாருன்னே எனக்குத் தெரியாது. பட்டாளத்துக்காரன் வூட்ல அதெல்லாம் கேக்க மாட்டோம்."

"மேல அக்கா ஏங்க பேனரை வெட்றாங்க?"

"காத்து போறதுக்கு. ஓட்டை போடலன்னா ஆடிக் காத்துல கிழிஞ்சிடும். நீ போய் சாமி கும்புடுப்பா, கூட்டம் ஏறிகினே கீது."

அவன் போய்விட்டான். நான் மிச்சத்தை வெட்டிக்கொண்டு இறங்கினேன். அம்மா அந்தத் துண்டுகளை எல்லாம் பொறுக்கி, கத்தரிக்கோலை என் கையிலிருந்து வாங்கி, அங்கேயே ரோட்டோரம் உட்கார்ந்து பொடிப்பொடியாக நறுக்கினாள். வீட்டுக்கு வரும் வழியில் ஒன்றே ஒன்றுதான் பேசினாள்.

"தெரிஞ்சிகினே தெரியாதுன்னு சொல்றது எவ்ளோ கஷ்டமா கீதுடி. அந்த மனுஷன் என் மூஞ்சியப் பாத்து எப்படி சொல்லிகினு இருந்தாரு இத்தினி வருஷம்?"

பிறகு முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். உன் காரியம் முடிந்த அன்றுகூட நாங்கள் இரண்டு பேரும் அப்படி அழவில்லை.

அப்புறம் நாட்கள் போயின. போன் இல்லை. அம்மா டிவியைப் போடுவதை நிறுத்திவிட்டாள். நாங்கள் வெட்டியதற்கு முன்னால் எத்தனை படம் எங்கெங்கே போனதோ, அது எங்களுக்குத் தெரியாது. அந்தப் பயத்தை அம்மாவும் நானும் பேசிக்கொள்ளாமலே ஒரே தட்டில் சாப்பிட்டோம்.

நேற்றுச் சாயங்காலம் தாமு கூப்பிட்டான். நான் ஸ்பீக்கரில் போட்டு அம்மாவிடம் நீட்டினேன். அவள் உதடு 'எங்க' என்று குவிந்ததைப் பார்த்தேன், நிஜமாகவே பார்த்தேன். அதை விழுங்கிக்கொண்டு, "சாப்டியாடா?" என்றாள்.

"ஆங், சாப்ட்டேன்மா" என்றான். மூன்றாவது பட்டை என்ன ஆனது என்று அவன் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பேனர் இன்னும் அங்கேதான் இருக்கிறது நைனா. நீயும் தாமுவும் முருகனும் இருக்கிறீர்கள், கீழே ஒரு பெரிய ஓட்டை. அதன் வழியாக மலை தெரிகிறது.

நான் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அந்த வருஷம் நீ எங்கே போயிருந்தாய் என்று இனி நான் கேட்க மாட்டேன். இப்போது எங்கே இருக்கிறாய் என்றும் கேட்க மாட்டேன்.

சாப்டியா நைனா?

பட்டாளத்துக்காரன் வீட்டுப் பெரிய பொண்ணு,
உன் கஜா