கொட்டகைக்குப் பின்னாடி ஒரு வரிசை

யோவ் ஸ்தாதிஸ்,

அஸ்த்ரோஸ் ஊருக்கு அக்காவைப் பார்க்கப் போறேன். சாயங்காலம் வந்துடுவேன். அடுப்புல ஃபெட்டா சீஸ் தூவின கத்திரிக்காய் இருக்கு, சூடு பண்ணிச் சாப்பிடு.

மத்தியானம் வேளாண் ஆபீஸ் அம்மா வராங்க. நம்ம கத்திரியில சில செடி இலை மஞ்சள் திட்டு விழுந்து சுருங்குதே, அது வைரஸாத்தான் இருக்கும்னு போன்லயே சொல்லிட்டாங்க. புகையிலையில இருந்து வருமாம். சிகரெட் சுத்தின விரலால தொட்டாலே செடிக்கு ஒட்டிக்குமாம்.

ஆனா நம்ம வீட்லதான் புகையிலையே இல்லையே! ஈஸ்டர் ராத்திரி கோயில்ல மெழுகுவர்த்தியைக் கையில பிடிச்சுக்கிட்டு, "கலியோப்பி, இனி சிகரெட்டைத் தொடமாட்டேன்"னு சத்தியம் பண்ணினியே. வெளிய வந்து அந்த மெழுகுவர்த்தியிலயே பத்த வச்சியோ என்னவோ!

மத்தபடி தோட்டம் முழுக்கச் செடி நல்லாத்தான் இருக்கு. கொட்டகைக்குப் பின்னாடி, சமையலறை ஜன்னல்ல இருந்து எனக்குத் தெரியாத அந்த ஒரு வரிசைக்கு மட்டும்தான் சீக்கு. அங்க மட்டும் தினமும் அப்படி என்னய்யா களை எடுக்கிற?

அந்த வரிசையைப் பிடுங்கி எரிச்சிடு. ஆகஸ்ட் கத்திரிக்காய்த் திருவிழாவுக்கு மத்ததாவது மிஞ்சட்டும். வேற செடியைத் தொடுறதுக்கு முன்னாடி கையைப் பால்ல கழுவணுமாம். பாத்திரத்துல இருக்கிற ஆட்டுப்பால் அதுக்குத்தான், தயிருக்கு உறை ஊத்திடாத.

கலியோப்பி

உள்ள ஒளிச்சு வச்சதை எடுக்கக் கொட்டகைச் சாவியைத் தேடாத, என் பையில இருக்கு.

"இங்க யாரு புகை பிடிக்கிறது?"ன்னு அந்தம்மா கேட்டா, உங்கம்மா மேல பழி போடாத.

பால்ல கொஞ்சம் மிச்சம் வை. நான் வந்ததும் கிட்ட வரணும்னா, உதட்டையும் கழுவிட்டு வா.