சாய்ந்த பூமியில் ஒரு பன்

என்னவனுக்கு,

இரண்டு மாத இருட்டுக்குப் பின் இன்று நம் வடகோடி டிரோம்சோவில் சூரியன் தலைகாட்டியது. வருஷா வருஷம் போல ஊரே ஜாம் பன்னோடு மலைச்சரிவில் நின்றது. சூரியனைப் பார்த்த பிறகுதான் பன்னைக் கடிக்க வேண்டும் என்பதில் நம் மகள் எல்ட்ரிட் கறார். காத்திருக்கையில் கேட்டாள்:

"பூமி ஏம்மா சாஞ்சு சுத்துது? நேரா நின்னா இந்த இருட்டே வராதுல்ல?"

"கோடையில நடுராத்திரி வெயிலும் வராதுடி."

"அப்ப சாஞ்சே இருக்கட்டும்."

உன் அக்காவுக்கு ஒத்தாசையாக ஓஸ்லோ போயிருக்கிறாய் என்றுதான் ஊரில் சொல்லிவைத்திருக்கிறேன்.

உனக்கு வாங்கிய பன்னை எல்ட்ரிட் யாரையும் தொடவிடவில்லை. "அப்பா அங்க தினமும் சூரியனப் பாக்குறாருடி, நீயே சாப்பிடு" என்றேன்.

"அது எங்கயும் போகாத சூரியன்மா. போயிட்டுத் திரும்பி வந்தது இங்கதான் இருக்கு."

பன் காய்வதற்குள் வந்துவிடுவாய். எனக்குத் தெரியும்.

கோபம் பாதி தீர்ந்த
உன் மனைவி